அந்த 300 டாலரை யாரும் பார்க்கவில்லை

"திறமை இருந்தா எப்படியும் மேல வந்துடுவான் சார்."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் மட்டும் எனக்கு ரத்த அழுத்தம் எகிறுகிறது. நான் வங்கியில் கடன் பிரிவில் குப்பை கொட்டுகிற ஆள். இத்தனை வருஷ சர்வீஸில், திறமையை மட்டும் வைத்துக்கொண்டு மேலே வந்த ஒரே ஒரு ஆளைக்கூட என் ஃபைல்களில் பார்த்ததில்லை. வந்தவர்கள் எல்லாருக்கும் பின்னால் யாரோ ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். இல்லையென்றால் யாரோ ஒருவர் கழுத்துச் செயினைக் கழற்றியிருப்பார். மேடையில் மாலை விழும்போது அந்த ஆள் மட்டும் கடைசி வரிசையில்கூட இருக்க மாட்டார்.

எதற்கு இந்தப் பீடிகை என்றால், போன மாதம் இங்கே புனேயில் எங்கள் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. ஆப்பிரிக்க அகதி முகாமில் வளர்ந்த பையன், யாரும் சொல்லித் தராமல் தானே கற்று, வீடியோ கேம் செய்து, அமெரிக்காவில் விருது வாங்கிவிட்டானாம். கடைசியில் வழக்கமான வரி: "சாதிக்க வசதி தேவையில்லை, மனசு போதும். உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்." அதற்குக் கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டி நின்றன.

செய்தி பொய் இல்லை. பாதி உண்மை. எங்கள் தொழிலில் பொய்யைவிடப் பாதி உண்மைக்குத்தான் அதிகம் பயப்படுவோம். சொத்துப் பக்கத்தை மட்டும் காட்டிவிட்டு, கடன் பக்கத்தைக் கிழித்துப் போட்ட ஐந்தொகை மாதிரி அது. அந்தக் கிழித்துப் போட்ட பக்கத்தைத்தான் இங்கே ஒட்டப் போகிறேன்.

அந்தப் பையன் பெயர் லுவால் மாயென். தெற்கு சூடான்காரர். உள்நாட்டுப் போரில் குடும்பம் உகாண்டாவை நோக்கி நடந்தே தப்பித்தபோது வழியில் பிறந்தவர். அதே வழியில் அவருடைய இரண்டு அக்காக்கள் இறந்துபோனார்கள். வடக்கு உகாண்டாவில் அகதி முகாமில் இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். 2007-ல், அகதிகளைப் பதிவு செய்கிற இடத்தில் முதல்முறையாக ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்தார். அது வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டார்.

முகாமில் இருந்துகொண்டு பிள்ளை கம்ப்யூட்டர் கேட்கிறான். நம்மில் எத்தனை பேர் சிரித்திருப்போம்? அந்த அம்மா சிரிக்கவில்லை. துணி தைத்து, மூன்று வருஷம் காசு சேர்த்து, 300 டாலருக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். 36 மாதம். மாதத்துக்கு எட்டு டாலர் சொச்சம். ரேஷன் வாங்கிச் சாப்பிடுகிற முகாமில் மாதா மாதம் எட்டு டாலர் மிச்சம் பிடிப்பது என்றால் என்ன என்று, ரெக்கரிங் டெபாசிட்டில் மூன்றாம் மாதமே தவணை தவறுகிற நமக்குப் புரியாது.

லேப்டாப் வந்தது. மின்சாரம்? முகாமில் இல்லை. சார்ஜ் போட இன்டர்நெட் கடைக்கு மூன்று மணி நேரம் நடந்தார். திரும்ப மூன்று மணி நேரம். ஒரு பழைய லேப்டாப் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த லேப்டாப்பில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி' என்ற கேமை ஆடிப் பார்த்தார். சுடு, திருடு, ஓடு என்கிற வகை. போரிலிருந்து தப்பி வந்தவருக்கு இதில் ஏன் எல்லாரும் சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று தோன்றியது. தானே வரைந்து, நிரல் எழுதி, 'சலாம்' என்று அமைதியைப் பற்றிய ஒரு கேம் செய்தார். ஃபேஸ்புக்கில் போட்டார். வெளிநாட்டிலிருந்து அழைப்புகள் வந்தன. 2018-ல் அமெரிக்காவில் நடக்கும் 'தி கேம் அவார்ட்ஸ்' மேடையில் கௌரவித்தார்கள். வாஷிங்டனில் சொந்தமாக கம்பெனி ஆரம்பித்தார்.

இப்போது சொல்லுங்கள், "வசதி தேவையில்லை, மனசு போதும்" என்பது இந்தக் கதையில் எங்கே இருக்கிறது? 300 டாலர் முதல். பையனை வேறு கூலி வேலைக்குத் துரத்தாமல் விட்டுவைத்த வருஷங்கள். ஒவ்வொரு சார்ஜுக்கும் ஆறு மணி நேர நடை. எல்லாமே செலவுதான். அம்மா கட்டியதால் அது நம் கண்ணுக்குச் செலவாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். உலகத்தில் மிகக் குறைவாகக் கணக்கில் எழுதப்பட்ட முதலீட்டாளர் அம்மாதான்.

அந்தக் கதையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு. அதே முகாமில், அதே வருஷத்தில், அதே அளவு கை வளம் உள்ள எத்தனை பிள்ளைகளின் அம்மாக்களால் எட்டு டாலர் மிச்சம் பிடிக்க முடியவில்லை? அவர்களைப் பற்றி ஃபார்வர்டு வராது. வராத ஃபார்வர்டுகளைப் பற்றிக் கவலைப்படுவதுதான் பெரியவர்கள் செய்கிற காரியம்.

நிற்க. "வரையறதுக்கு என்ன சார் பெரிய செலவு, பென்சிலும் பேப்பரும்தானே?" என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும்.

கேமுக்கு வரைவது வேறு ஜாதி வேலை. நான் பி.காம் ஆசாமி, எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். ஒரு பாத்திரத்தை முதலில் தாளிலோ திரையிலோ வரைகிறார்கள். பிறகு அதைக் கம்ப்யூட்டருக்குள் களிமண் சிற்பம் மாதிரி முப்பரிமாணத்தில் செதுக்குகிறார்கள். அந்தச் சிற்பத்தில் லட்சக்கணக்கான முகப்புகள் இருக்கும். அப்படியே விட்டால் சாதாரண போன் திணறி நின்றுவிடும். அதனால் தோற்றம் கெடாமல் சில ஆயிரங்களுக்குள் அதைக் குறைக்க வேண்டும். பிறகு அந்த உருவத்தின் மேல்தோலை, தையல்காரர் சட்டையைப் பிரித்து மேசையில் பரப்புவது போலத் தட்டையாக விரித்து, அதன் மேல் வண்ணம், சுருக்கம், துணியின் நெசவு எல்லாம் தீட்ட வேண்டும். அப்புறம் உள்ளே எலும்புக்கூடு வைத்து, பொம்மலாட்டம் மாதிரி அசைய வைக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் சிறு தப்பு நடந்தாலும், மூன்று படி தாண்டிய பிறகுதான் வெளியே தெரியும். எங்கள் லெட்ஜரில் ஒரு ஐந்து ரூபாய் தப்பு வருஷக் கடைசியில் வந்து உயிரை வாங்குமே, அதே கதை.

ஆகவே இது பார்த்துத் திருத்துகிற ஆள் இல்லாமல் வளராத கலை. "முழங்கை இங்கே மடங்காது, மறுபடி செய்" என்று சிவப்புப் பேனாவோடு உட்காருகிற ஒரு வாத்தியார் வேண்டும். யூடியூபில் எல்லாம் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஆனால் யூடியூப் உங்கள் நோட்டைத் திருத்தாது.

தலைமுடியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நெடுங்காலமாக கேம்களில் நேரான முடி அழகாக ஆடும், காற்றில் பறக்கும். ஆப்பிரிக்க முடி என்றால் தலையில் ஒரு கறுப்புப் பந்தை ஒட்டிவிடுவார்கள். சின்னச் சின்னப் பின்னல்களையும் சுருள்களையும் எப்படிச் செய்வது என்று பாடப் புத்தகமே கிடையாது. 2023-ல்தான், கறுப்பினக் கலைஞர்கள் சேர்ந்து 'கோட் மை கிரவுன்' என்ற இலவச வழிகாட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதாவது ஒரு லாகோஸ் பெண் தன் சொந்த அத்தையின் தலையை வரைய நினைத்தால், அதற்கான பாடத்தை யாராவது முதலில் உண்டாக்கியாக வேண்டியிருந்தது. பென்சிலும் பேப்பரும் எங்கே போதும்?

சரி, கணக்குக்கு வருவோம். அதுதான் எனக்குத் தெரிந்த மொழி.

மென்பொருள் எல்லாவற்றுக்கும் பணம் கட்ட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். 'பிளெண்டர்' என்ற முப்பரிமாண மென்பொருள் 2002-லிருந்து இலவசம். அதைத் திறந்த மென்பொருளாக விடுவிக்க உலகம் முழுக்கப் பொதுமக்கள் சேர்ந்து ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்தார்கள். பெரிய புண்ணியம். ஆனால் வேலை கொடுக்கிற கம்பெனிகள் கேட்கிற பல மென்பொருள்கள் மாதச் சந்தாவில் ஓடுகின்றன. சந்தா டாலரில்.

இப்போது நைஜீரியாவுக்கு வாருங்கள். 2022-ல் அங்கே பல வங்கிகள், நைரா அட்டையை வைத்து வெளிநாட்டில் மாதம் 20 டாலருக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டன. அந்த வருஷக் கடைசிக்குள் சில வங்கிகள் அதையும் நிறுத்திவிட்டன. கையில் பணம் இருந்தாலும் கட்ட முடியாத நிலைமை. அடுத்து 2023 ஜூனில் நைராவின் மதிப்பைச் சந்தை போக்கில் விட்டார்கள். ஒரு டாலருக்கு 460 நைரா சொச்சம் இருந்தது, 2024-ல் 1,500-ஐத் தொட்டது. அந்தக் கலைஞரின் திறமை அதே திறமைதான், உழைப்பு அதே உழைப்புதான். சந்தா மட்டும் மூன்று மடங்கு. "மனசு போதும்" என்பவர்கள் இந்த மூன்று மடங்கை மனசை வைத்துக் கட்டிக் காட்டட்டும்.

மின்சாரம்? சஹாராவுக்குத் தெற்கே சுமார் 60 கோடி பேருக்கு இன்னும் வீட்டில் கரண்ட் இல்லை. இருக்கிற இடத்திலும் போய்ப் போய் வரும். நைஜீரியாவில் கரண்ட் திரும்பி வந்தால் தெருவே "அப் நேப்பா!" என்று கத்துமாம். நேப்பா என்பது அவர்களுடைய பழைய மின்வாரியத்தின் பெயர். வாரியம் போய்ப் பல வருஷம் ஆகியும் கத்தல் போகவில்லை. முப்பரிமாண உருவத்தைக் கம்ப்யூட்டர் படமாக்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நமக்கும் அந்தக் காலத்தில் ஃபுளாப்பியில் சேமிக்காமல் போன ஸ்டேட்மென்டுகள் நினைவுக்கு வரும்.

இத்தனைக்கும் நடுவில் உருப்படியான காரியம் செய்கிறவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். லாகோஸில் ஹ்யூகோ ஓபி என்பவர் 2012-ல் 'மாலியோ கேம்ஸ்' ஆரம்பித்தார். தன் கம்பெனிக்கு ஆள் கிடைக்கவில்லையே என்று புலம்பிக்கொண்டிருக்காமல், 'கேம்அப் ஆப்பிரிக்கா' என்று இளைஞர்களுக்கு இலவசப் பயிற்சியே நடத்தினார். கேப்டவுனின் 'டிரிகர்ஃபிஷ்' அனிமேஷன் கம்பெனி இணையத்தில் இலவசமாகப் பாடம் வைத்தது. கானாவின் எய்ராம் தாவியாவும் கென்யாவின் வெஸ்லி கிரின்யாவும் 2009-ல் 'லெட்டி ஆர்ட்ஸ்' தொடங்கி, அனான்சி என்ற சிலந்தி, ஷாகா என்ற ஜூலு மன்னர் என்று தங்கள் பாட்டிக் கதையையும் சரித்திரத்தையும் காமிக்ஸாகவும் கேமாகவும் ஆக்கினார்கள். இவர்களையெல்லாம் மனசாரக் கும்பிடுகிறேன்.

ஆனால் பயிற்சி என்றாலே புல்லரித்துப் போகிற கூட்டத்தோடு எனக்குச் சண்டை உண்டு. பயிற்சி முடிந்ததும் அந்தப் பிள்ளை எதை வரையப் போகிறது? வரைந்தது யார் பெயரில் இருக்கப் போகிறது? இந்த இரண்டையும் கேட்காமல் கைதட்டுவது, பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் வீட்டுக் கடன் கொடுக்கிற மாதிரி.

இந்த விஷயத்தில் இந்தியாவுக்கு அனுபவம் இருக்கிறது, அதனால் துணிந்து சொல்லலாம். 1997-ல் பெங்களூரில் 'துருவா இன்டர்ஆக்டிவ்' என்ற கேம் கம்பெனியை ராஜேஷ் ராவ் ஆரம்பித்தார். நாட்டின் முதல் கேம் கம்பெனி. கார், கட்டடம், மரம், பீப்பாய் என்று வெளிநாட்டு கேம்களுக்கு நம் பிள்ளைகள் அற்புதமாகச் செய்து கொடுத்தார்கள். 2017-ல் ஸ்வீடன்காரர்கள் வாங்கினார்கள், 2019-ல் அமெரிக்கர்கள் வாங்கினார்கள். தொழில் வளர்ந்தது, சம்பளம் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் உரிமை என்கிற ஒன்று நம் பக்கம் வந்ததா? 2025 பிப்ரவரியில் 'டெக்னிகலர்' என்ற பழம்பெரும் நிறுவனம் பாரிஸில் மூழ்கியபோது, இந்தியாவில் மட்டும் சுமார் 3,000 பேர் வேலை ஒரே நாளில் அந்தரத்தில் தொங்கியது. பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல வருஷம் வரைந்த அத்தனை படங்களில் ஒன்றையும் "இது என்னுது" என்று பேங்கில் காட்ட முடியாது.

இதே பாதையில்தான் இப்போது ஆப்பிரிக்கப் பிள்ளைகளை அழைத்துப் போகப் பார்க்கிறார்கள். "இந்தியாவைவிட மலிவு" என்பதுதான் அங்கே விற்கப்படுகிற சரக்காக ஆகிவிடக்கூடாது. நைரோபியில் கம்ப்யூட்டர் வேலை தந்து வறுமையை ஒழிக்கிறோம் என்று போனவர்கள், செயற்கை நுண்ணறிவுக்குத் தரவு பிரிக்கிற வேலைக்கு மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகக் கொடுத்ததை 2023 ஜனவரியில் 'டைம்' பத்திரிகை வெளியிட்டது. போதாக்குறைக்கு, பீப்பாயும் மரமும் வரைகிற எடுபிடி வேலையை இப்போது அந்த நுண்ணறிவே செய்ய ஆரம்பித்துவிட்டது. கூலிக்கு வரைய மட்டும் பயிற்சி கொடுத்தால், அந்தப் பயிற்சி முடிகிற அன்றே வேலை காணாமல் போயிருக்கும்.

அப்புறம், எதை வரைவது என்ற விஷயம். 2008-ல் வந்த 'ஃபார் க்ரை 2' பெயரில்லாத ஓர் ஆப்பிரிக்க நாட்டில் நடக்கும். கூலிப்படை, வைரம், மலேரியா. அவ்வளவுதான் ஆப்பிரிக்கா. 2009-ல் வந்த 'ரெசிடென்ட் ஈவில் 5'-ல் ஒரு வெள்ளைக்கார வீரர் கூட்டம் கூட்டமாகக் கறுப்பர்களைச் சுட்டுக்கொண்டே போவார். ஜப்பானில் செய்தது. உலகம் முழுக்கச் சர்ச்சை ஆனது. ஆப்பிரிக்காவை ஆப்பிரிக்கர் வரையாவிட்டால் வேறு யாராவது வரைவார்கள், இப்படித்தான் வரைவார்கள். சினிமாவில் லுங்கியும் "ஐயோ"வும் போட்டு மதராஸி ஆக்கப்பட்ட நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன?

கேமரூன் நாட்டுத் தலைநகர் யாவுண்டேயில் ஒலிவியே மடிபா என்பவர் 2003-ல் மாணவராக இருந்தபோது ஒரு கேம் யோசித்தார். 2013 டிசம்பரில்தான் 'கிரோ கேம்ஸ்' என்று கம்பெனி ஆரம்பிக்க முடிந்தது. மத்திய ஆப்பிரிக்காவிலேயே முதல் கேம் கம்பெனி. நடுவில் பத்து வருஷம். பணம் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டில் இருக்கிறவர்கள் உட்படச் சிறு முதலீட்டாளர்களிடம் பங்குகளை விற்றார்கள். 2015-ல் இணையத்தில் பொதுமக்களிடம் உண்டியல் ஏந்தி 50 ஆயிரம் யூரோவை நெருங்கித் திரட்டினார்கள். 2016 ஏப்ரலில் 'ஆரியன்: லெகசி ஆஃப் தி கோரி-ஓடன்' வெளிவந்தது. முடிசூட்டு நாளிலேயே மைத்துனனால் கவிழ்க்கப்பட்ட இளவரசன், மனைவியோடு சேர்ந்து நாட்டை மீட்கப் புறப்படுகிற கதை. அவன் மட்டும் சண்டை போட, அவள் கோட்டையில் காத்திருக்கிற கதை அல்ல. இரண்டு பேரும் சேர்ந்தே போகிறார்கள். உடையும், ஊர்களும், முகங்களும் அவர்களுடைய கற்பனை ஆப்பிரிக்கா. யாரோ அனுப்பிய பட்டியலைப் பார்த்து வரைந்தது இல்லை. இதுதான் நான் சொல்லும் வளர்ச்சி: கையும் தேறியது, பத்திரமும் தன் பெயரில்.

இதற்கு நேர் எதிர் உதாரணமாக இல்லாமல், நடுவில் நிற்கிற ஒன்றும் உண்டு. 'குகாலி' என்ற நைஜீரிய-உகாண்டா நண்பர்கள் மூவர், 2019-ல் ஒரு பிபிசி பேட்டியில் ஆப்பிரிக்காவில் டிஸ்னியை ஒரு கை பார்ப்போம் என்று சவடால் விட்டார்கள். டிஸ்னியே தேடி வந்தது. லாகோஸை வருங்கால நகரமாகக் காட்டும் 'இவாஜு' 2024 பிப்ரவரியில் வெளிவந்தது. அதை ஒட்டிச் சமையல் கேம் ஒன்றைச் செய்தது யார் தெரியுமா? மேலே சொன்ன அதே மாலியோ கேம்ஸ். நைஜீரியக் கம்பெனி, நைஜீரியச் சமையல், உலகம் முழுக்க வெளியீடு. பெரிய தாண்டல், சந்தேகமில்லை. ஆனாலும் பெட்டியின் மேலே இருக்கிற பெயர் டிஸ்னி. பெரிய வீட்டில் குடியிருப்பது நல்லதுதான், அதற்காகப் பட்டா நம்முடையது என்று நினைத்துவிடக் கூடாது.

சமையல் கேம் என்றதும் நம் ஆட்கள் சிலருக்காவது 'வெண்பா' நினைவுக்கு வர வேண்டும். 2023 ஜூலையில் வந்தது. 1980-களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பு நோட்டு, இட்லி, தமிழ் பேசக் கூச்சப்படுகிற பையன். டொராண்டோவில் ஒரு சின்னக் குழு செய்தது. 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா அதைச் சிறந்த அறிமுக கேம் என்றது. ஊரைவிட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த நோட்டின் கிழிசல் எந்த இடத்தில் இருக்கும் என்று தெரியும். டிஸ்னியே நினைத்தாலும் அது தெரியாது. லாகோஸ்காரருக்கும் யாவுண்டேகாரருக்கும் அவரவர் கிழிசல் தெரியும். அதை வரைய விடுவதற்குத்தான் பயிற்சி.

"பேங்க் எப்படி சார் படத்துக்குக் கடன் கொடுக்கும்? படத்தை ஜப்தி செய்ய முடியுமா?" என்று என் சக அதிகாரிகளே கேட்பார்கள். கேட்கட்டும். இதே வாயால்தான் ஒரு காலத்தில் சினிமாவுக்கும் கொடுக்க மாட்டோம் என்றோம். வட்டிக்காரரிடமும் அதைவிட மோசமானவர்களிடமும் தயாரிப்பாளர்கள் போய் நின்றார்கள். 1998-ல் மத்திய அரசு சினிமாவைத் தொழில் என்று ஒப்புக்கொண்டது, அடுத்த சில வருஷங்களில் ஐடிபிஐ கடன் கொடுக்க ஆரம்பித்தது. வானம் இடிந்து விழவில்லை. ஆப்பிரிக்காவிலும் நைஜீரியத் தொழில் வங்கி 2015-ல் நோலிவுட் சினிமாவுக்கென்று தனி நிதி வைத்தது. கெய்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆப்பிரிக்க ஏற்றுமதி-இறக்குமதி வங்கி, 2020 ஜனவரியில் கலைத் தொழில்களுக்காக 50 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. ஆக, வங்கியால் முடியும். முடியாது என்பது விதி இல்லை, சோம்பல்.

கேள்வி என்னவென்றால், அந்த 50 கோடியிலிருந்து ஒரு 300 டாலர் கீழே இறங்கி, முகாமில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஒரு அம்மாவின் கைக்கு வருமா? பெரிய படத்துக்கு, பெரிய மேடைக்குக் கொடுப்பது சுலபம். லேப்டாப்புக்கும், டாலர் சந்தாவுக்கும், இன்வெர்ட்டருக்கும், திருத்துகிற வாத்தியாரின் சம்பளத்துக்கும் சிறுகடன் கொடுப்பதற்குத்தான் தெம்பு வேண்டும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கடன் கொடுக்கத் தெரிந்த வங்கித் தொழிலுக்கு இது தெரியாமல் போகாது.

கடைசியாக நம் வீட்டு விஷயம். கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஃபார்வர்டுக்கு ஐந்து கைதட்டல் போட்ட நண்பர் ஒருவரின் பெண் பதினொன்றாம் வகுப்பு. அருமையாக வரைகிறாள். வரைவதற்கான டேப்லெட்டை இரண்டு வருஷத்துக்கு அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார். "ஜேஇஇ முடியட்டும் சார், படம் வரைஞ்சா சோறு போடுமா?" உகாண்டா முகாமில் ஒரு தாய் மூன்று வருஷம் சேர்த்து வாங்கிக் கொடுத்ததற்குக் கைதட்டுகிறவர், தன் வீட்டில் ஏற்கெனவே வாங்கிய ஒன்றுக்குப் பூட்டுப் போடுகிறார். இதற்கு என்ன பெயர் வைப்பது?

அவர் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஊரைவிட்டு வந்து, வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் கட்டி, மொழி தெரியாத ஊரில் கால் ஊன்றியவனுக்கு நிச்சயமான சம்பளம்தான் கடவுள். அதே பயம் அந்த அகதி அம்மாவுக்கு நம்மைவிட நூறு மடங்கு இருந்திருக்காதா? இத்தனைக்கும் இந்தப் புனேயிலேயே, 'நாடிங் ஹெட்ஸ்' என்ற சின்னக் கம்பெனி 2020-ல் 'ராஜி' என்று இந்தியப் புராண மணத்தோடு ஒரு கேம் செய்து உலகம் முழுக்க விற்றிருக்கிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதை நாம் காட்டினோம்? ஃபார்வர்டு மட்டும்தான் காட்டினோம்.

எல்லாரும் பிள்ளையை கேம் வரையத் துரத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. நாலு லட்சம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு வெறும் சான்றிதழ் கொடுக்கிற கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. அங்கே சேர்க்கும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள். வேலையைத் திருத்துகிற ஆள் யார், அவர் செய்த கேம் எது? படித்து முடித்தவர்கள் எதை வரைகிறார்கள்? வரைந்ததில் அவர்களுக்குச் சொந்தமாக ஏதாவது இருக்கிறதா? இதே மூன்று கேள்வியைத்தான் ஆப்பிரிக்காவில் பயிற்சி கொடுக்கிறோம் என்று நன்கொடை கேட்கிறவர்களிடமும் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு ஆயிரம் ரூபாய் அனுப்புங்கள். கைதட்டும் பொம்மையை விட அதற்கு மதிப்பு அதிகம்.

இனிமேல் "மனசு போதும்" என்று யாராவது ஃபார்வர்டு அனுப்பினால், என் பதில் ஒரே வரிதான்: "லேப்டாப் யார் வாங்கிக் கொடுத்தது சார்?"

டிஸ்கி: இது கடன் பிரிவு ஆசாமியின் சொந்தக் கருத்து. என் வங்கியின் கருத்து இல்லை. அவர்களுக்கு இந்த விஷயத்தில் கருத்து என்று ஒன்று இருந்தால் சந்தோஷப்படுவேன். திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். டேப்லெட்டுக்குப் பூட்டுப் போட்ட நண்பரும் இதைப் படிப்பார் என்று தெரிந்தேதான் எழுதினேன்.